ஓப்பன் வேர்ல்டு ஆர்பிஜி: மெயின் ஸ்டோரிக்கு எவ்வளவு நேரம், டிஎல்சியை எப்போது தொடங்குவது? முழுமையான வழிகாட்டி

சென்னையில் வேலைக்குப் போய்க்கொண்டே கேம் ஆடுகிறவர்கள் ஒரு பெரிய ஓப்பன் வேர்ல்டு ஆர்பிஜியை (விரிந்த உலகத்தில் இஷ்டப்படி சுற்றி, ஒரு பாத்திரமாகவே கதையை ஆடும் கேம்) வாங்கும் முன் இரண்டு கேள்வி கேட்பார்கள். மெயின் ஸ்டோரி முடிக்க எத்தனை மணி நேரம்? டிஎல்சியையும், அதாவது அந்த கேமுக்கென்று தனியாக வரும் கூடுதல் பகுதியையும், சேர்த்து வாங்கிவிடலாமா? இரண்டும் சரியான கேள்விகள்தான். ஆனால் யாரும் கேட்காத மூன்றாவது கேள்வி ஒன்று இருக்கிறது, பணத்தையும் வார இறுதிகளையும் காப்பாற்றுவது அதுதான்: அந்த டிஎல்சிக்கான கதவு மெயின் ஸ்டோரியில் எந்த இடத்தில் திறக்கிறது?

சில கேம்களில் பாதியிலேயே திறந்துவிடும். சிலவற்றில் கடைசி மிஷனை முடித்தால்தான் திறக்கும். சிலவற்றில் மெயின் ஸ்டோரியை முடித்தாலும் திறக்காது, வேறெங்கோ ஒளிந்திருக்கும் ஒரு பாஸை (பெரிய எதிரியை) வீழ்த்த வேண்டும். இது தெரியாமல் முதல் நாளே எல்லாவற்றையும் வாங்கிவிட்டு, டிஎல்சி பக்கமே போகாமல் அலுத்துப்போய் நிறுத்தியவர்களை எனக்கு நிறையத் தெரியும். அதனால் ஒவ்வொரு படியாகப் போவோம்.

முதலில், எது எக்ஸ்பான்ஷன் என்று பிரித்துப் பாருங்கள்

2006 ஏப்ரலில் பெதஸ்டா நிறுவனம் தன்னுடைய ஆப்லிவியன் கேமில் குதிரைக்குப் போடும் கவசத்தை இரண்டரை டாலருக்கு விற்றது. உலகம் முழுக்க ஆட்டக்காரர்கள் கொதித்தார்கள். அதே கேமுக்கு 2007 மார்ச்சில் ஷிவரிங் ஐல்ஸ் வந்தது: தனி நிலப்பரப்பு, தனிக் கதை, தனி மனிதர்கள். கடைப் பக்கத்தில் இரண்டுமே டிஎல்சி என்ற ஒரே வரிசையில்தான் நிற்கும், அதனால் பெயரைப் பார்த்து முடிவு செய்யாதீர்கள்.

கண்டுபிடிக்க எளிய வழி இருக்கிறது. புதிய மேப் உண்டா, புதிய கதை உண்டா, தனி அச்சீவ்மென்ட் அல்லது டிராஃபி பட்டியல் உண்டா, டவுன்லோடு அளவு ஜிபி கணக்கில் இருக்கிறதா என்று பாருங்கள். நான்கும் இருந்தால் அது எக்ஸ்பான்ஷன், அதாவது கேமையே விரிவாக்கும் பெரிய டிஎல்சி. ஒரு உடை, ஒரு வாள், ஒரு குதிரை என்றால் விட்டுவிடுங்கள், கேம் அனுபவத்தில் எதுவும் குறையாது. தி விட்சர் 3 இந்த மாதிரி சின்னச் சின்ன டிஎல்சிகள் 16-ஐ எல்லோருக்கும் இலவசமாகவே கொடுத்தது, நியூ கேம் பிளஸ் (முடித்த கேமை, சேர்த்த பலத்தோடு முதலிலிருந்து மறுபடி ஆடும் வசதி) உட்பட. காசு கேட்டது இரண்டே இரண்டுக்குத்தான்: 2015 அக்டோபரில் ஹார்ட்ஸ் ஆஃப் ஸ்டோன், 2016 மே மாதம் பிளட் அண்ட் வைன். முதலாவதற்குச் சுமார் 10 மணி நேரம், இரண்டாவதற்குச் சுமார் 20 மணி நேரம் என்று சொல்லியே விற்றார்கள், சொன்னபடி கொடுத்தார்கள். எக்ஸ்பான்ஷன் எப்படி இருக்க வேண்டும் என்று யாராவது கேட்டால் இன்றும் நான் காட்டுவது இதைத்தான்.

பல டிஎல்சிகளை ஒரே விலையில் தரும் சீசன் பாஸ் வாங்கும்போது உள்ளே என்ன இருக்கிறது என்று வரிவரியாகப் படியுங்கள். அசாசின்ஸ் க்ரீட் வல்ஹாலாவின் சீசன் பாஸில் அயர்லாந்து, பாரிஸ் பகுதிகள் இரண்டும் உண்டு. ஆனால் 2022 மார்ச்சில் வந்த டான் ஆஃப் ராக்னராக் அதில் சேராது, தனியாகத்தான் வாங்க வேண்டும். சீசன் பாஸ் என்றால் எல்லாமே என்று நாமாக நினைத்துக்கொள்ளக் கூடாது.

மெயின் ஸ்டோரி நேரத்தை உங்கள் வாரத்துக்கு மாற்றுங்கள்

ஹவ் லாங் டு பீட் என்ற தளத்தில் ஆட்டக்காரர்களே தங்கள் நேரத்தைப் பதிவு செய்கிறார்கள். மூன்று கணக்கு இருக்கும்: மெயின் ஸ்டோரி மட்டும், மெயின் ஸ்டோரியோடு ஓரளவு சைடு குவெஸ்ட் (விருப்பப்பட்டால் ஆடும் கிளைக்கதை), எல்லாவற்றையும் முடிப்பது. தோராயமாகச் சொன்னால் விட்சர் 3-க்கு 50, 100, 170 மணி நேரம். சைபர்பங்க் 2077-க்கு மெயின் ஸ்டோரி மட்டும் 25 மணி நேரம், சைடு குவெஸ்டோடு 60. எல்டன் ரிங் 60 மணி நேரம், நின்று நிதானமாகச் சுற்றினால் 100. ஹொரைசன் ஸீரோ டான் 20-க்கு மேல் கொஞ்சம், சைடு குவெஸ்டோடு 45.

இந்த எண்களை அப்படியே நம்பி இறங்கக் கூடாது, ஏனென்றால் ஒரே 50 மணி நேரம் ஒவ்வொரு கேமிலும் ஒவ்வொரு மாதிரி. விட்சர் 3 முழுக்கப் பேச்சு. வசனத்தைத் தாண்டாமல் கேட்டு, சப்டைட்டிலையும் படித்து, வழியில் கிடைக்கும் கடிதங்களையும் புரட்டுகிறவராக இருந்தால் கால் பங்கு நேரத்தைக் கூட்டிக்கொள்ளுங்கள். எல்டன் ரிங்கில் நேரத்தைத் தின்பது பேச்சு இல்லை, பாஸ்கள். ஒருவர் நாலு முயற்சியில் தாண்டும் பாஸிடம் இன்னொருவர் இரண்டு மாலை நேரத்தைக் கொடுத்துவிடுவார், அதில் வெட்கப்பட ஒன்றும் இல்லை. ஸ்கைரிம் இன்னொரு ரகம்: மெயின் ஸ்டோரி 30 மணி நேரம் என்று போட்டிருக்கும், ஆனால் ஸ்கைரிமை மெயின் ஸ்டோரிக்காக ஆடியவர் என்று யாரையும் நான் பார்த்ததில்லை. அந்த உலகத்தில் மனம்போன போக்கில் நடப்பதுதான் அந்த கேம்.

சைபர்பங்கின் 25 மணி நேரத்தைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். விட்சர் 3-ஐப் பலர் முடிக்காமலே விட்டதைப் பார்த்துத்தான் இதில் மெயின் ஸ்டோரியைக் குறைத்தோம் என்று அதை உருவாக்கியவர்களே சொல்லியிருக்கிறார்கள். குறைந்த கதை எங்கே போனது? சைடு குவெஸ்டுக்குள் போனது. பனாம் என்ற பெண்ணின் குவெஸ்ட் வரிசையை முழுதாக முடித்தால்தான் ஒரு முக்கியமான முடிவு உங்களுக்குத் திறக்கும். ஜானி, ரோக் என்ற பாத்திரங்கள் தொடர்பான குவெஸ்டுகள் இன்னொரு முடிவைத் திறக்கும். நேராக மெயின் ஸ்டோரியில் மட்டும் ஓடினால் 25 மணி நேரத்தில் முடித்துவிடலாம், ஆனால் கையில் இருக்கும் முடிவுகள் குறைவு. ஆகவே இந்த கேமுக்கு உண்மையான மெயின் ஸ்டோரி நீளம் 40 மணி நேரத்துக்குக் குறையாது என்பது என் கருத்து.

இப்போது உங்கள் வாரத்தைப் பாருங்கள். ஓஎம்ஆரில் வேலை, வீடு வேளச்சேரியிலோ தாம்பரத்திலோ, டிராஃபிக்கைத் தாண்டி வந்து சாப்பிட்டு உட்காரும்போது மணி ஒன்பதரை. வாரநாளில் ஒரு மணி நேரம், சனி ஞாயிறில் சேர்த்து ஐந்து மணி நேரம் என்றால் வாரத்துக்குப் பத்து. விட்சர் 3-ஐ ஓரளவு சைடு குவெஸ்டோடு ஆட பத்து வாரம், இரண்டு எக்ஸ்பான்ஷனுக்கும் இன்னும் மூன்று நான்கு வாரம். ஜூனில் தொடங்கினால் தீபாவளிக்குள் நிம்மதியாக முடியும். இந்தக் கணக்கைப் போட்டபிறகு, அடுத்த மூன்று மாதம் இந்த ஒரு கேம் போதுமா என்று உங்களையே கேளுங்கள். போதும் என்றால் வாங்குங்கள். இல்லை, நடுவில் வேறு கேம் ஆடும் ஆசை வரும் என்று தோன்றினால் பேஸ் கேமை (டிஎல்சி சேராத மூல கேமை) மட்டும் எடுங்கள், எக்ஸ்பான்ஷன் எங்கும் ஓடிப்போகாது.

கதவு எங்கே இருக்கிறது: கேம் வாரியாக

இதுதான் இந்த வழிகாட்டியிலேயே முக்கியமான படி.

சைபர்பங்கின் ஃபேன்டம் லிபர்ட்டி 2023 செப்டம்பர் 26 அன்று வந்தது. மெயின் ஸ்டோரியின் இரண்டாவது பகுதியில் பசிஃபிகா என்ற பகுதிக்குப் போய் வூடூ பாய்ஸ் கும்பலின் குவெஸ்டுகளை முடித்ததும் ஒரு அழைப்பு வரும், அங்கேயே கதவு திறந்துவிடும். கதை சுமார் 15 மணி நேரம். இதை மெயின் ஸ்டோரி முடிந்தபிறகு ஆடலாம் என்று தள்ளிப்போடாதீர்கள். மெயின் ஸ்டோரிக்கே ஒரு புதிய முடிவை இது சேர்க்கிறது, அதோடு நாயகனின் உயிர்ப்பிரச்சினை இன்னும் தீராமல் இருக்கும்போது ஆடினால்தான் இதில் எடுக்கும் ஒவ்வொரு முடிவுக்கும் கனம் இருக்கும். அழைப்பு வந்ததும் வேறு வேலைகளைக் கொஞ்சம் முடித்துக்கொண்டு, லெவல் ஓரளவு ஏறியதும் உள்ளே போய்விடுங்கள்.

விட்சர் 3-இல் இரண்டுக்கும் வேறு வேறு நேரம். ஹார்ட்ஸ் ஆஃப் ஸ்டோனுக்கு 32-ஆவது லெவல் பரிந்துரை, பிளட் அண்ட் வைனுக்கு அதைவிடக் கொஞ்சம் மேலே. மெயின் ஸ்டோரியை முடிக்கும்போது பெரும்பாலானவர்கள் ஏறக்குறைய அந்த லெவலுக்கு வந்திருப்பார்கள், அதனால் முடித்துவிட்டு வரிசையாக ஆடுவதே சௌகரியம். மெயின் ஸ்டோரியில் சிரி என்ற பெண்ணைத் தேடி உலகமே அலைந்துகொண்டிருக்கும்போது நடுவில் அதை விட்டுவிட்டு வேறு கதைக்குப் போவது மனதுக்கு ஒட்டாது என்பதும் ஒரு காரணம். பிளட் அண்ட் வைனை மட்டும் எக்காரணம் கொண்டும் கடைசிக்கு வையுங்கள். நாயகன் கெரால்ட்டுக்கு அது விடைகொடுக்கும் கதை. அதன் முடிவில் அவர் வீட்டுக்கு யார் வந்து சேர்கிறார்கள் என்பதே மெயின் ஸ்டோரியில் நீங்கள் எடுத்த முடிவுகளைப் பொறுத்துத்தான் அமைகிறது. முன்கூட்டியே ஆடிவிட்டால் அந்தத் தருணம் பாதியாகிவிடும்.

எல்டன் ரிங்கின் ஷேடோ ஆஃப் தி எர்ட்ட்ரீயில்தான் அதிகம் பேர் மாட்டிக்கொள்கிறார்கள். 2024 ஜூன் 21 அன்று வந்தது, உள்ளே போக இரண்டு பேரை வீழ்த்தியிருக்க வேண்டும்: ராடான், மோக். இதில் மோக் மெயின் ஸ்டோரிக்குத் தேவையே இல்லாத பாஸ், மோக்வின் அரண்மனை என்ற மறைவிடத்தில் இருக்கிறார். கேமையே முடித்துவிட்டேன், கதவைக் காணவில்லையே என்று திகைப்பது இதனால்தான். இன்னொன்று, நியூ கேம் பிளஸுக்குள் நுழைந்துவிட்டால் இந்த இரண்டு பேரையும் மறுபடி வீழ்த்த வேண்டும். அதனால் கடைசி பாஸை முடித்ததும் கேம் அடுத்த சுற்றுக்குப் போகலாமா என்று கேட்கும்போது வேண்டாம் என்று சொல்லிவிட்டு டிஎல்சிக்குப் போங்கள். உள்ளே போனபிறகு உங்கள் பழைய லெவல் பெரிதாக உதவாது. ஸ்கடூட்ரீ துண்டுகளைத் தேடி எடுத்து அங்கேயே பலத்தை ஏற்ற வேண்டும். முதல் பாஸிடம் முட்டிக்கொண்டு நிற்காமல் மேப்பைச் சுற்றித் துண்டுகளைச் சேகரித்துவிட்டு வந்தால் அதே பாஸ் எவ்வளவு இளகுவார் என்று பாருங்கள்.

ஹொரைசன் தொடரில் இரண்டு கேமுக்கும் விதி நேர் எதிர். முதல் கேமின் ஃப்ரோஸன் வைல்ட்ஸை மெயின் ஸ்டோரி நடுவிலேயே ஆடலாம், 30-ஆவது லெவல் வந்ததும் போனால் பொருந்தும். இரண்டாவது கேமான ஃபர்பிடன் வெஸ்டின் பர்னிங் ஷோர்ஸ் மெயின் ஸ்டோரியின் கடைசி மிஷனை முடித்தால் மட்டுமே திறக்கும். கன்சோலில் அது பிஎஸ்5-இல் (பிளேஸ்டேஷன் 5) தான் ஓடும். பிஎஸ்4 வைத்திருப்பவர்கள் பேஸ் கேமை ஆடலாம், பர்னிங் ஷோர்ஸை ஆட முடியாது.

ஸ்கைரிமில் கதவுகள் தளர்வானவை. டான்கார்ட் என்ற டிஎல்சி பத்தாவது லெவலில் காவலர்கள் பேச்சில் காதில் விழத் தொடங்கும், டிராகன்பார்ன் என்ற டிஎல்சிக்கு விண்ட்ஹெல்ம் துறைமுகத்தில் படகேறினாலே போதும். எப்போது வேண்டுமானாலும் போகலாம். பிரெத் ஆஃப் தி வைல்ட் கேமின் சாம்பியன்ஸ் பாலட் டிஎல்சி அப்படி இல்லை, மெயின் ஸ்டோரியில் வரும் டிவைன் பீஸ்ட் என்ற ராட்சத இயந்திரங்கள் நான்கையும் விடுவித்தபிறகே தொடங்கும்.

பழைய ஃபால்அவுட் கேம்களை ஆட நினைக்கிறவர்களுக்குத் தனியாக ஒரு வார்த்தை. 2008-இல் வந்த ஃபால்அவுட் 3 மெயின் ஸ்டோரி முடிந்ததும் முழுசாக முடிந்துவிடும், திரும்பிப் போய்ச் சுற்ற முடியாது. ஆட்டக்காரர்கள் இதை ஏற்கவில்லை. 2009-இல் வந்த ப்ரோக்கன் ஸ்டீல் டிஎல்சிதான் முடிவுக்குப் பிறகும் தொடர வழிசெய்தது, லெவல் உச்சவரம்பையும் 20-லிருந்து 30 ஆக்கியது. ஆக அந்த கேமை ஆடுவதென்றால் ப்ரோக்கன் ஸ்டீலோடு சேர்த்தே வாங்குங்கள். நியூ வேகஸுக்கு அப்படி ஒரு டிஎல்சி வரவே இல்லை. கடைசிக் கட்டமான ஹூவர் அணைப் போருக்குப் போகும் முன் நான்கு கதை டிஎல்சிகளையும் முடித்துவிட வேண்டும்.

திரும்ப முடியாத இடத்தில் தனி சேவ்

பெரிய ஆர்பிஜிகளில் ஒரு கட்டத்துக்கு மேல் கதை உங்களை இழுத்துக்கொண்டு முடிவுக்குப் போய்விடும். விட்சர் 3-இல் ஐல் ஆஃப் மிஸ்ட்ஸுக்குக் கிளம்பும் முன், சைபர்பங்கில் கடைசி மெயின் மிஷனுக்காக எம்பர்ஸ் உணவகத்துக்குள் நுழையும் முன் கேமே எச்சரிக்கும். அந்த எச்சரிக்கை வந்தால் உடனே கையால் ஒரு சேவ் போடுங்கள், ஆட்டோசேவை நம்பாதீர்கள். டிஎல்சி கதவு திறக்கும் இடத்தில் இன்னொன்று. ஐப்பசி கார்த்திகை மழையில் எந்த நேரத்தில் கரண்ட் போகும் என்று சொல்ல முடியாது, டெஸ்க்டாப்புக்கும் ரவுட்டருக்கும் யூபிஎஸ் இல்லாவிட்டால் மழை நாட்களில் குவெஸ்ட் முடியும்போதெல்லாம் சேவ் போடுவதைப் பழக்கமாக்கிக்கொள்ளுங்கள்.

வாங்கும் படி

பிசி கேம்களை விற்கும் ஸ்டீம் என்ற ஆன்லைன் கடையில் பெரிய தள்ளுபடிகள் ஜூன் கடைசியிலும் டிசம்பர் கடைசியிலும் வரும். டிசம்பரில் வாங்கினால் பொங்கல் விடுமுறையில் நல்ல தொடக்கம் கிடைக்கும். பேஸ் கேமும் எக்ஸ்பான்ஷன்களும் சேர்ந்த கம்ப்ளீட் எடிஷன் விலையையும், பேஸ் கேமின் தள்ளுபடி விலையையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். விட்சர் 3 மாதிரி பழைய கேம் என்றால் வித்தியாசம் சிறியது, கம்ப்ளீட் எடிஷனே லாபம். எல்டன் ரிங் மாதிரி என்றால் பேஸ் கேமை வாங்கி, ராடானைத் தாண்டியபிறகு டிஎல்சியை யோசியுங்கள். அதற்குள் இந்த ரக கேம் உங்களுக்கு ஒத்துவருமா என்பது தெரிந்துவிடும்.

ஸ்டீமில் பணத்தைத் திரும்பப் பெற வாங்கி 14 நாளுக்குள், ஆடியது இரண்டு மணி நேரத்துக்குள் இருக்க வேண்டும். டிஎல்சி என்றால், அதை வாங்கியபிறகு பேஸ் கேமை இரண்டு மணி நேரத்துக்கு மேல் ஆடியிருக்கக் கூடாது. அதாவது கதவுக்குப் பத்து மணி நேரம் முன்பே டிஎல்சியை வாங்கி வைத்தால், அங்கே போய்ச் சேரும்போது திருப்பித் தரும் வாய்ப்பு போய்விட்டிருக்கும். கதவு வாசலில் நின்று வாங்குவதுதான் புத்திசாலித்தனம்.

ஒரு கடையில் வாங்கிய டிஎல்சி இன்னொரு கடையின் பேஸ் கேமில் ஓடாது. எபிக் கடையில் இலவசமாக வந்த கேமுக்கு ஸ்டீம் தள்ளுபடியில் டிஎல்சி வாங்கினால் அது சும்மா கிடக்கும். பிஎஸ் பிளஸ், கேம் பாஸ் போன்ற சந்தாவில் ஆடுகிறவர்களுக்கும் எச்சரிக்கை: பேஸ் கேம் பட்டியலிலிருந்து போய்விட்டால், காசு கொடுத்து வாங்கிய டிஎல்சியையும் ஆட முடியாது.

பிளேஸ்டேஷன் டிஸ்க்கை செகண்ட் ஹேண்டில் வாங்குகிறவர்கள் இன்னும் கவனமாக இருக்க வேண்டும். ரிச்சி ஸ்ட்ரீட் போனாலும் சரி, ஆன்லைனில் யாரிடமாவது வாங்கினாலும் சரி, டிஸ்க் எந்த ரீஜன் என்று அட்டையில் பாருங்கள். டிஸ்க் எந்த நாட்டுக் கன்சோலிலும் ஓடும், ஆனால் டிஎல்சி அதே ரீஜனைச் சேர்ந்ததாக இருக்க வேண்டும். அமெரிக்காவிலிருந்து வந்த டிஸ்க்கை வைத்துக்கொண்டு இந்திய அக்கவுன்டில் டிஎல்சி வாங்கினால் பெரும்பாலும் இரண்டும் சேராது. பெட்டியில் கம்ப்ளீட் எடிஷன் என்று எழுதியிருந்தால், எக்ஸ்பான்ஷன் டிஸ்க்கிலேயே இருக்கிறதா, ஒருமுறை மட்டும் பயன்படும் டவுன்லோடு கோட் எண்ணாக உள்ளே தாளில் இருந்ததா என்று விற்பவரிடம் கேளுங்கள். கோட் எண் என்றால் முதலில் வாங்கியவர் அதைப் போட்டிருப்பார்.

டவுன்லோடு

சைபர்பங்குக்கு 70 ஜிபி இடம் வேண்டும், ஃபேன்டம் லிபர்ட்டி அதற்கு மேல். 100 எம்பிபிஎஸ் இணைப்பு முழு வேகத்தில் ஓடினால்கூட 70 ஜிபி இறங்க ஒன்றரை மணி நேரத்துக்கு மேல் ஆகும், மாலையில் வீட்டில் எல்லோரும் படம் பார்க்கும் நேரத்தில் இன்னும் இழுக்கும். ஸ்டீமில் டவுன்லோடு நேரத்தை இரவுக்கு மாற்றும் வசதி இருக்கிறது. வீட்டில் இரண்டு கம்ப்யூட்டர் இருந்து ஒன்றில் கேம் இருந்தால், ஒரே நெட்வொர்க் வழியாகவே இன்னொன்றுக்கு மாற்றிக்கொள்ளலாம், இன்டர்நெட் டேட்டா செலவாகாது.

பாதியில் விட்ட கேமுக்கு டிஎல்சிக்காகத் திரும்பும்போது

இது நம்மில் பலருக்கு நடப்பது: ஒரு வருடம் கழித்து எக்ஸ்பான்ஷன் வருகிறது, பழைய சேவ் ஃபைலைத் திறந்தால் எந்த பட்டன் எதற்கு என்றே நினைவில்லை. விட்சர் 3-இல் இதற்கு வழி வைத்திருக்கிறார்கள், புது கேம் தொடங்கும்போது எக்ஸ்பான்ஷனை மட்டும், அதற்கேற்ற லெவலில் தயாராக இருக்கும் கெரால்ட்டோடு ஆரம்பிக்கலாம். சைபர்பங்கிலும் நேராக ஃபேன்டம் லிபர்ட்டிக்குத் தாவும் தேர்வு உண்டு. கதை ஏற்கெனவே மனதில் பதிந்தவர்களுக்கு மட்டும் இதைச் சொல்வேன். பழைய சேவ் ஃபைலைத்தான் தொடரப்போகிறீர்கள் என்றால் டிஎல்சிக்குள் போகும் முன் ஒரு மாலை முழுக்கச் சின்ன சைடு குவெஸ்டுகளை மட்டும் ஆடி கையைப் பழக்குங்கள். எல்டன் ரிங்கில் இது இன்னும் அவசியம், அங்கே சும்மா நிற்கும் சிப்பாய்கூட மன்னிக்க மாட்டான்.

சைபர்பங்கை 2020-இல் ஆடி நிறுத்தியவர்களுக்கு மட்டும் என் பதில் வேறு. 2023 செப்டம்பரில் இலவசமாக வந்த 2.0 அப்டேட் திறமைகளின் அமைப்பையும் போலீஸ் துரத்தலையும் அடியோடு மாற்றிவிட்டது, பழைய சேவில் நீங்கள் கட்டிய ஆள் இப்போது பாதி அந்நியர். மெயின் ஸ்டோரி நீளம் குறைவு என்பது இங்கேதான் கைகொடுக்கிறது. முதலிலிருந்து தொடங்குங்கள், பனாமின் குவெஸ்டுகளை விடாதீர்கள், பசிஃபிகா வரைக்கும் வாருங்கள், அழைப்பு வந்ததும் ஃபேன்டம் லிபர்ட்டியை வாங்குங்கள்.